பேருந்து நிறுத்தம் ஊராட்சிக்கு, பேருந்து யாருக்கு? சென்னைப் பெருநகரப் போக்குவரத்தில் ஊர்களின் குரலுக்கு எந்த வழி நல்லது

அரசியலமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று 18 வேலைகள் எழுதப்பட்டிருக்கின்றன. 17-ஆவது வரியில் தெருவிளக்கு, வண்டி நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் எல்லாம் சேர்ந்து வருகின்றன. பேருந்து நிறுத்தம் உண்டு. அந்த நிறுத்தத்துக்கு வர வேண்டிய பேருந்து 18 வரிகளில் எங்கும் இல்லை.

சென்னையின் விளிம்பில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலை நடை ஒன்று குறைந்துவிட்டது என்றால் கவுன்சிலரிடம் சொல்வார்கள். அவர் மனு எழுதிக் கொடுப்பார். அதற்கு மேல் அவர் கையில் ஒன்றும் இல்லை. நிழற்குடை கட்டலாம், விளக்குப் போடலாம், குண்டும் குழியுமான சாலையை ஒட்டுப்போட வைக்கலாம். எந்தத் தடத்தில் எத்தனை மணிக்குப் பேருந்து ஓட வேண்டும் என்று பேச அவருக்குச் சட்டப்படி ஒரு மேசை கிடையாது.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அரக்கோணம் பக்கத்து ஊர்கள் வரை இப்போது ஒரே திட்டமிடல் எல்லைக்குள் வந்துவிட்டன. இந்தப் பரப்பின் போக்குவரத்தை ஒருங்கிணைக்க கும்டா என்ற ஆணையம் இருக்கிறது. இவ்வளவு ஊர்களின் தேவை அந்த ஆணையத்தின் மேசைக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் இனி எடுக்க வேண்டிய முடிவு. உலகில் இதற்குப் பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். இப்போது நம்மிடம் இருப்பதையும் சேர்த்து ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இன்றைய ஏற்பாடு. கும்டாவுக்கான சட்டம் 2010-இல் வந்தது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில், முதலமைச்சர் தலைமையில். பன்னிரண்டு ஆண்டுகள் காகிதத்தில் கிடந்த ஆணையம், முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எழுந்து நடந்தது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையில் மாநகரப் பேருந்து மாநில அரசுக்குச் சொந்தம். மெட்ரோ, மாநிலமும் மத்திய அரசும் பாதிப் பாதியாக நடத்தும் நிறுவனம். புறநகர் மின்ரயில் தெற்கு ரயில்வேயின் கையில் இருக்கிறது. இந்த மூன்றையும் ஒரே அறையில் உட்கார வைக்க ஒரு மேயரால் முடியாது. முதலமைச்சர் கூப்பிட்டால்தான் வருவார்கள். பேருந்து, மெட்ரோ, மின்ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு என்று 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ வந்ததற்கு இந்த அதிகாரம்தான் காரணம்.

ஆனால் இந்த மேசையைச் சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் அமைச்சர்கள், செயலாளர்கள், துறைத் தலைவர்கள். எல்லாரும் நகரத்தை மேலிருந்து பார்ப்பவர்கள். அந்தப் பார்வையில் என்ன விட்டுப்போகும் என்பதற்குக் கிளாம்பாக்கத்தைப் பார்த்தால் போதும். 2023 டிசம்பர் 30 அன்று புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்தன. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே ரயில் தண்டவாளம் அந்த முனையத்துக்கு எதிரிலேயே ஓடுகிறது. திறந்த நாளில் அங்கே இறங்க ஸ்டேஷன் இல்லை. உள்ளூர்ப் பிரதிநிதி ஒருவர் ஆணையத்தில் இருந்திருந்தால் ஸ்டேஷன் முன்னாடியே வந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். பெட்டி படுக்கையோடு விடியற்காலையில் இறங்குகிறவர் எப்படி வீடு போய்ச் சேருவார் என்ற கேள்வி, திறப்புக்கு முன்பே பதிவேட்டில் ஏறியிருக்கும். அதற்கு யாராவது எழுத்தில் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் மேயரிடம் கொடுத்துவிடலாமா? இந்த யோசனை வரும்போதெல்லாம் லண்டனைத்தான் காட்டுவார்கள். 2000-இலிருந்து அங்கே போக்குவரத்து அமைப்பு மேயரின் கீழ் இருக்கிறது. கட்டணத்தை அவர் நிர்ணயிக்கிறார், வாரியத்துக்கும் அவரே தலைமை தாங்குகிறார். 25 பேர் கொண்ட லண்டன் அவை அவரைக் கேள்வி கேட்கும். அவருடைய பட்ஜெட்டை மாற்ற வேண்டுமானால் அந்த அவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் போட்டது முதல் மேயர் கென் லிவிங்ஸ்டன். ‘இதைச் செய்தது நான், பிடிக்காவிட்டால் தேர்தலில் சொல்லுங்கள்’ என்று நிற்க ஒரு ஆள் இருந்தால்தான் இந்த மாதிரி முடிவுகள் நடக்கும். லண்டன் ஏற்பாட்டின் பெரிய பலம் இது.

அதே லண்டனில் இன்னொரு கதையும் இருக்கிறது. நமக்கு அதிகம் பயன்படக்கூடியது அதுதான். 1981-இல் இதே லிவிங்ஸ்டன் அன்றைய பெருநகர மன்றத்தின் தலைவராக இருந்தார். அக்டோபரில் பேருந்து, சுரங்க ரயில் கட்டணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தார். செலவை ஈடுகட்ட எல்லா வட்டாரங்களின் சொத்து வரியையும் ஏற்றினார். தென்கிழக்கு விளிம்பில் இருக்கும் புரோம்லி மன்றம் வழக்குப் போட்டது. எங்கள் பக்கம் சுரங்க ரயிலே வரவில்லை, நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்பது அவர்களுடைய மனக்குறை. வழக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படி வரை போனது. டிசம்பரில் அந்த வரி சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த மார்ச்சில் கட்டணம் இரட்டிப்பானது. 1984-இல் போக்குவரத்தையே பெருநகர மன்றத்திடமிருந்து எடுத்து மத்திய அரசு வைத்துக்கொண்டது. 1986-இல் மன்றமும் கலைக்கப்பட்டது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 2023-இல், புகை கக்கும் வண்டிகளுக்கான கட்டண மண்டலத்தை லண்டன் முழுவதற்கும் விரித்தபோது ஐந்து மன்றங்கள் நீதிமன்றம் போயின. அதில் மறுபடியும் புரோம்லி இருந்தது. பக்கத்து மாவட்டமான சர்ரேயும் இருந்தது. சர்ரே லண்டன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் தினமும் லண்டனுக்குள் வேலைக்கு வருகிறார்கள், மேயர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. இந்த முறை மன்றங்கள் தோற்றன. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆட்சி முறை மாறியும், மேயர் பதவி வந்தும், விளிம்புக்குத் தன் பேச்சைச் சொல்ல நீதிமன்றம் ஒன்றுதான் இருந்தது.

சென்னையில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. லண்டன் மேயர் லண்டன் முழுவதற்கும் மேயர். சென்னை மாநகராட்சியோ 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு. பெருநகரப் பகுதியோ அதைப்போல் பதினான்கு மடங்கு நிலம். தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனித்தனி மாநகராட்சிகள் இருக்கின்றன. அப்புறம் நகராட்சிகள், பேரூராட்சிகள், நூற்றுக்கணக்கான ஊராட்சிகள். ஊரப்பாக்கத்துக்காரர் சென்னை மேயருக்கு வாக்களிப்பதில்லை. நம் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னைக்கு மேயரே இல்லை. அப்படிப்பட்ட நாற்காலியிடம் மூவாயிரத்துச் சொச்சம் பேருந்துகளை ஒப்படைப்பது சரியாக வராது என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது வழி, எல்லா உள்ளாட்சிகளையும் ஒரே அவையில் உட்கார வைப்பது. கனடாவின் வான்கூவர் வட்டாரம் இதைத்தான் செய்தது. 1999-இல் தொடங்கிய அந்தப் போக்குவரத்து ஆணையத்தின் வாரியத்தில் இருந்த 12 பேரும் உள்ளூர் மேயர்களும் மன்ற உறுப்பினர்களும்தான். விமான நிலையத்துக்கான ரயில் பாதை விவகாரம் 2004-இல் அவர்கள் முன் வந்தது. இரண்டு முறை வேண்டாம் என்று வாக்களித்து, பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அவரவர் ஊருக்கு வர வேண்டிய பேருந்துப் பணத்தை இந்த ஒரு பாதை தின்றுவிடுமோ என்ற பயம் அதன் பின்னால் இருந்தது. மாகாண அரசு பொறுமை இழந்தது. 2007-இல் சட்டத்தை மாற்றி நியமன வாரியம் ஒன்றைக் கொண்டுவந்தது, மேயர்களைத் தனியாக ஒரு மேயர் மன்றத்துக்கு அனுப்பிவிட்டது. 2014-இல் அந்த மன்றத்துக்குக் கொஞ்சம் அதிகாரம் திரும்ப வந்தது. 2015-இல் போக்குவரத்துக்காக அரை சதவீதம் கூடுதல் விற்பனை வரிக்கு மேயர்கள் மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போனபோது, கிட்டத்தட்ட 62 சதவீதம் பேர் மறுத்துவிட்டார்கள். மேலே இருக்கும் அரசு கொடுத்த அதிகாரத்தை அதே அரசு ஒரே சட்டத்தில் திரும்ப வாங்கிக்கொண்டதையும் பார்த்தோம்.

அங்கே மேயர் மன்றத்தில் வாக்கு எண்ணும் முறை ஒன்று உண்டு. மக்கள்தொகையில் 20,000 பேருக்கு, அல்லது அதில் ஒரு பகுதிக்கு, ஒரு வாக்கு. பெரிய ஊருக்குப் பெரிய எடை, சின்னஞ்சிறு ஊருக்கும் குறைந்தது ஒரு வாக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சென்னையில் போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் பழைய பெருநகர எல்லைக்குள் சுமார் 87 லட்சம் பேர், அதில் சுமார் 67 லட்சம் பேர் மாநகராட்சிக்குள். தலைக்கு இத்தனை வாக்கு என்றால் எல்லாத் தீர்மானத்தையும் சென்னை ஒன்றே நிறைவேற்றிக்கொள்ளும், மற்ற ஊர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம். ஊருக்கு ஒரு வாக்கு என்றால் சில ஆயிரம் பேர் வாழும் ஊராட்சியும் 67 லட்சம் பேரும் சமம் என்றாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்குக் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தாலும் அவையில் நடப்பது பெரும்பான்மை எண்ணிக்கைதான். கொளப்பாக்கத்துக்கு ராத்திரி எட்டரை மணிக்குப் பேருந்து இல்லை என்ற குறையை வாக்கெடுப்பு நடத்தித் தீர்க்க முடியாது.

போக்குவரத்து வாரியத்தையே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையும் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் ‘பார்ட்’ ரயிலுக்கு 1974-இலிருந்து ஒன்பது தொகுதிகளில் தேர்தல் நடக்கிறது. நமக்கு இது ஒத்துவரும் என்று தோன்றவில்லை. உள்ளாட்சித் தேர்தலையே நேரத்துக்கு நடத்த முடியாத இடத்தில் இன்னொரு தேர்தலை யார் நடத்துவது? தவிர, ரயிலுக்கு ஒரு வாரியம், பேருந்துக்கு ஒரு வாரியம் என்று அந்தப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட போக்குவரத்து அமைப்புகள் தனித்தனியாக இயங்குகின்றன. நாம் வெளியே வரப் பார்க்கும் நிலைமையே அதுதான்.

கடைசியாக சூரிச். என் மனம் இதன் பக்கம்தான் சாய்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநிலத்தில் 160 ஊராட்சிகள். 1988-இல் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டபடி, 1990 மே மாதம் போக்குவரத்துக் கூட்டமைப்பு இயங்கத் தொடங்கியது. ரயில், டிராம், பேருந்து, ஏரிப் படகு எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு, ஒரே கால அட்டவணை. மேலே ஆணையம் இருக்கிறது, மாநில அரசின் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஊராட்சித் தலைவர்களிடம் யாரும் ரயிலைக் கொடுத்துவிடவில்லை. அவர்களுக்குக் கொடுத்தது ஒரு நடைமுறை.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதிய கால அட்டவணையின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும். தன் ஊருக்கு வரும் பேருந்து பத்து நிமிடம் முன்னால் வந்தால் ரயிலைப் பிடிக்கலாம் என்று ஒருவர் நினைத்தால், தன் ஊராட்சிக்கு எழுதலாம். ஊராட்சி அப்படி வந்தவற்றைத் திரட்டித் தன் கருத்தோடு வட்டாரப் போக்குவரத்து மாநாட்டுக்குக் கொண்டுபோகும். அங்கே பக்கத்து ஊர்களும் பேருந்து நடத்துபவர்களும் ஆணையத்தின் ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். ஏற்கிறார்கள், அல்லது காரணம் சொல்லி மறுக்கிறார்கள். எது நடந்தாலும் கேட்டவருக்குப் பதில் போகும். இதற்கு அடியில் ஒரு தரையும் போட்டு வைத்திருக்கிறார்கள். குடியிருப்பு, வேலை, படிப்பு எல்லாம் சேர்த்து 300 பேர் புழங்கும் ஊர்ப்பகுதி என்றால் பொதுப் போக்குவரத்து வந்தே ஆக வேண்டும்.

பணமும் இதில் கட்டுண்டு கிடக்கிறது. கட்டண வருமானம் போக விழும் துண்டில் பாதியை மாநிலம் கட்டும், மறுபாதியை ஊராட்சிகள் கட்டும். ஊராட்சிகளின் பங்கில் 80 சதவீதம் அந்த ஊரில் எவ்வளவு வண்டி நின்று போகிறது என்பதைப் பொறுத்தது, 20 சதவீதம் அந்த ஊரின் வரி பலத்தைப் பொறுத்தது. கூடுதல் வண்டி கேட்டால் கூடுதல் செலவு. அதனால் வெறுமனே கேட்டு வைப்போம் என்ற பேச்சு எழாது. புரோம்லியின் மனக்குறையும் இங்கே எழ இடமில்லை, வண்டி வராத ஊர் பெரும்பகுதியைக் கட்ட வேண்டியதில்லை.

இதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர முடியாது. நம் ஊராட்சிகளிடம் அந்தப் பணம் இல்லை. பங்கு கேட்டால் சொத்து வரி அதிகம் வரும் இடங்களுக்கு மட்டும் பேருந்து போகும், ஏரிக்கரைக் குடியிருப்புகள் இன்னும் பின்தங்கும். ஆகவே முதல் சில ஆண்டுகளுக்குப் பணத்தை விட்டுவிட்டு நடைமுறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு பங்கு வைத்தாலும் அந்த 80-ஐயும் 20-ஐயும் திருப்பிப் போட வேண்டும். இங்கே வரி பலம்தான் அதிகம் எடை பெற வேண்டும்.

பேருந்தே பற்றாக்குறையாக இருக்கும்போது கோரிக்கை வாங்கி என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எந்த நடைமுறையும் ஒரு புதுப் பேருந்தை உருவாக்கிவிடாது. ஆனால் இன்று மறுப்பு வாய்ப்பேச்சில் முடிந்துவிடுகிறது, எங்கும் தங்குவதில்லை. ‘நியாயமான தேவை, வண்டி இல்லை’ என்று எழுத்தில் மறுத்தால், அந்த மறுப்புகளை வட்டாரவாரியாகக் கூட்டிப் பார்க்கலாம். படப்பை பக்கம் எத்தனை வண்டி குறைகிறது, மீஞ்சூர் பக்கம் எத்தனை என்று அடுத்த பட்ஜெட்டுக்கு முன் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

இந்த வழியை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், இதற்கு வேண்டிய உறுப்புகள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நகரங்களில் வார்டுக் குழுவும் ஏரியா சபையும் அமைக்க 2022-இல் விதிகள் வந்துவிட்டன. உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்களுடைய நாளே அந்தப் பேருந்து வரும் நேரத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. மாநில ஆணையத்தில் இருப்பவர்கள் பதவியின் பேரில் வருபவர்கள், அங்கே பெண்களுக்கென்று பாதி இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வழியில்லை. வார்டு அளவில் அது சட்டமாகவே இருக்கிறது.

நாற்காலியை மட்டும் நம்பினால் தேர்தல் தள்ளிப்போகும்போது நாற்காலி காலியாகிவிடும். திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அந்த மாவட்டத்தின் பெரும் பகுதி பெருநகர எல்லைக்குள் வருகிறது. தலைவர்கள் கூடும் அவை ஒன்று இருந்திருந்தால் அந்த ஊர்களின் இருக்கைகளில் உட்கார ஆள் இருந்திருக்காது. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை கூடும், தீர்மானம் போடும். கோரிக்கை சபையின் பெயரில் போனால் தேர்தல் நடக்காத ஆண்டிலும் அது நிற்காது.

கும்டாவுக்கு முதலமைச்சரே தலைவராக இருக்கட்டும். ரயில்வேயோடு பேச அது வேண்டும். பெருநகரத் திட்டக்குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-இசட்இ பிரிவு சொல்கிறது. அந்த அளவு இல்லாவிட்டாலும் கும்டாவில் உள்ளாட்சிகளுக்கென்று சில இடங்களாவது வேண்டும், அதில் சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். இது சட்டத் திருத்தத்தோடு வர வேண்டியது, காலம் பிடிக்கும். நடைமுறைக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அரசாணையில் தொடங்கிவிடலாம்.

நாள்காட்டியைக்கூட யோசித்துப் பார்த்தேன். டிசம்பர் கடைசிக்குள் ஒவ்வொரு பணிமனையும் தன் தடங்களின் நடைகளையும் நேரங்களையும் தமிழில் அச்சடித்து, அந்தத் தடம் போகும் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் வார்டு அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். ஜனவரி 26 கிராம சபையில் அது தனிப் பொருளாக வர வேண்டும், ஏரியா சபைகளிலும் அதே வாரம். மார்ச்சில் வட்டாரக் கூட்டங்கள் நடக்கட்டும்: தாம்பரம்–வண்டலூர், ஆவடி–திருநின்றவூர், பொன்னேரி–மீஞ்சூர், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் என்று. மே 1 கிராம சபையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் வந்த பதிலை வாசிக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும்போது புதிய நேரங்கள் நடைமுறைக்கு வரும்.

முதல் சுற்றை வண்டலூர் பக்கம் வைத்துப் பார்க்கலாம். கிளாம்பாக்கத்தில் தென் மாவட்டப் பேருந்துகள் வந்து நிற்பது பெரும்பாலும் விடிவதற்கு முன்பு. அந்த நேரத்தில் அங்கிருந்து மண்ணிவாக்கம், நெடுங்குன்றம், கொளப்பாக்கம் போக எத்தனை நடை இருக்கிறது, கடைசி நடை ராத்திரி எத்தனை மணிக்கு, மழைநாளில் அது ஓடியதா? சபையில் ஒரு பெண் எழுந்து இந்த மூன்றையும் கேட்கட்டும். செயலர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எண் போட்டு, பணிமனைக்கு அனுப்பி, ஒப்புகை வாங்கி வைக்கட்டும்.